பெருவீக்கக் காலத்தில் குவாண்டம் திருத்தம்: ஓர் எளிய விளக்கம்

விண்வெளி பற்றிய தமிழ்க் காணொளிகளில் இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "வெற்றிடத்தில் நடந்த குவாண்டம் மாற்றங்களால்தான் விண்மீன் மண்டலங்கள் உருவாயின." கேட்க நன்றாக இருக்கிறது, பாதி சரியும்கூட. சிக்கல் என்னவென்றால், "குவாண்டம் மாற்றங்கள்" என்று சொல்லி இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்களைக் கலந்துவிடுகிறார்கள். ஒன்று குவாண்டம் ஏற்ற இறக்கம். இன்னொன்று குவாண்டம் திருத்தம். விண்மீன் மண்டலங்களுக்கு விதை போட்டது முதலாவது. அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று வினைபுரிவதால் கணக்கில் வந்து சேரும் கூடுதல் மாறுதல் இரண்டாவது.

இரண்டாவதைப் பற்றித் தமிழில் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஆரம்பப் பிரபஞ்சம் பற்றி ஆய்வாளர்கள் இன்று காரசாரமாக வாதிடுவது அதைப் பற்றித்தான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பள்ளிகளில் வானியல் பேசப் போகும்போது மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் அதுவே. அதனால் அடியிலிருந்து படிப்படியாக எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் தெரிந்தால் போதும்.

## ஸ்கேலர் புலம்

இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்பு இருந்தால் அதைப் புலம் என்கிறோம். இந்த நிமிடம் கடலூர் முதுநகரில் ஒரு வெப்பநிலை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் இன்னொன்று, நெய்வேலியில் வேறொன்று. எந்தப் புள்ளியைக் கேட்டாலும் ஒரே ஓர் எண்தான் விடை. இப்படித் திசை ஏதும் இல்லாமல் வெறும் எண்ணால் சொல்லிவிடக்கூடியது ஸ்கேலர் புலம். காற்று அப்படி இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரை கடந்ததே, அன்றைய காற்றை வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வெக்டர் புலம்.

வெப்பநிலை என்பது காற்றின் ஒரு பண்பு. காற்று இல்லையேல் அதுவும் இல்லை. இயற்பியலின் அடிப்படைப் புலங்கள் அப்படி இன்னொன்றை அண்டி இருப்பவை அல்ல. இடம் எங்கும் தாமாகவே இருப்பவை. அப்படி ஓர் அடிப்படை ஸ்கேலர் புலம் இயற்கையில் உண்டு என்பது 2012-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்டபோது உறுதியானது. பெருவீக்கத்தை, அதாவது பிரபஞ்சத்தின் ஆரம்பகால அதிவேக விரிவை, நடத்தியதாகக் கருதப்படும் புலமும் ஸ்கேலர் வகைதான். அதற்கு இன்ஃப்ளேட்டன் என்று பெயர். அதன் துகளை எந்தக் கருவியும் இன்னும் பிடித்ததில்லை. அதன் விளைவுகளை வைத்தே அதைப் பற்றிப் பேசுகிறோம்.

## பெருவீக்கம்

பிரபஞ்சம் அதன் ஆரம்பத்தில் மிகமிகக் குறுகிய நேரத்துக்கு, வேகம் கூடிக்கொண்டே போகும்படி விரிந்தது என்ற கருத்துதான் பெருவீக்கம். சோவியத் நாட்டில் ஸ்டாரோபின்ஸ்கி 1980-லும், அமெரிக்காவில் ஆலன் கூத் 1981-லும் இதைத் தனித்தனியே முன்வைத்தார்கள். கூத்தின் முதல் வடிவத்தில் இருந்த குறையை 1982-ல் லிண்டேயும், ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் இருவரும் நீக்கினார்கள். இது வெடிப்பு அல்ல. ஒரு மையத்திலிருந்து பொருள் சிதறி ஓடவில்லை. எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே இருந்த தூரமே நீண்டுகொண்டு போனது.

தூரங்கள் எல்லாம் 2.718 மடங்கு பெருகினால் அது ஓர் இ-மடங்கு. இடம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதைச் சொல்லும் எண் ஹபிள் வீதம். எந்தத் திசையில் பார்த்தாலும் வானம் இவ்வளவு சீராக இருப்பதை விளக்க, 50 முதல் 60 இ-மடங்கு வரையாவது பெருவீக்கம் நடந்திருக்க வேண்டும். 60 இ-மடங்கு என்றால் ஏறத்தாழ 10²⁶ மடங்கு.

இந்த விரிவைத் தள்ளியது இன்ஃப்ளேட்டனின் ஆற்றல். சாதாரணப் பொருள், இடம் விரிய விரிய நீர்த்துப்போகும். ஒரு ஸ்கேலர் புலத்தின் நிலை ஆற்றல் அப்படி நீர்த்துப்போகாது. புலத்தின் மதிப்பு மெதுவாக மாறும்வரை ஆற்றல் செறிவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், விரிவும் தொடரும். புலம் வேகமாக மாற ஆரம்பித்தால் பெருவீக்கம் முடிந்தது. "மெதுவாக" என்ற இந்த நிபந்தனை பின்னால் பெரிய தலைவலியாக வரப்போகிறது.

## ஏற்ற இறக்கம்: முதல் கணக்கு

குவாண்டம் இயற்பியலில் ஒரு புலத்தின் மதிப்பையும் அது மாறும் வேகத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாகப் பூஜ்யத்தில் நிறுத்த முடியாது. ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு துகள்களுக்கு மட்டுமல்ல, புலங்களுக்கும் பொருந்தும். ஆகவே ஆற்றல் மிகக் குறைந்த நிலையில்கூட, அதாவது வெற்றிடத்தில்கூட, புலத்தை அளந்தால் விடைகள் பூஜ்யத்தின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும். அந்தச் சிதறலின் பெயர்தான் ஏற்ற இறக்கம்.

"ஒன்றுமில்லாததிலிருந்து துகள்கள் குதித்து வந்து மறைகின்றன" என்ற பிரபலமான சித்திரத்தை நான் வகுப்பில் பயன்படுத்துவதே இல்லை. விரியாத இடத்தில் வெற்றிடம் என்பது நேரத்தோடு மாறாத ஒரு நிலை. அங்கே எதுவும் கொதிப்பதில்லை, குமிழிடுவதில்லை. அளவீட்டு விடைகளில் சிதறல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சித்திரத்தை நம்பிவிட்டவர்கள் அடுத்த கட்டத்தில் கட்டாயம் வழி தவறுகிறார்கள்.

இடம் விரியும்போது கதை மாறுகிறது. மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட ஏற்ற இறக்கம் விரிவோடு சேர்ந்து நீள்கிறது. விரியும் பிரபஞ்சத்தில் ஹபிள் தொடுவானம் என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் உள்ள இடம் நம்மைவிட்டு ஒளியைக் காட்டிலும் வேகமாக விலகும். அலைநீளம் அந்த எல்லையைத் தாண்டியதும் அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று எட்ட முடியாமல் போகின்றன. ஊசலாட்டம் நிற்கிறது. எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே அலை உறைந்துவிடுகிறது. ஒவ்வோர் இ-மடங்கிலும் இப்படி உறையும் அளவு, ஹபிள் வீதத்தை 6.28 ஆல், அதாவது 2π-ஆல் வகுத்தால் கிடைக்கும்.

இந்த ஏற்ற இறக்கங்கள்தான் பிற்காலத்தில் பொருள் சற்று அடர்ந்த இடமாகவும் சற்று மெலிந்த இடமாகவும் ஆயின என்று முகானோவும் சிபிசோவும் 1981-ல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஹாக்கிங், கூத், ஸ்டாரோபின்ஸ்கி உள்ளிட்ட பலர் விரிவாகக் கணக்கிட்டார்கள். பிரபஞ்சத்துக்கு சுமார் 3,80,000 வயதாக இருந்தபோது புறப்பட்ட பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சு இன்று 2.725 கெல்வினில் வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பநிலை வேறுபாடு இருப்பதை 1992-ல் கோபி செயற்கைக்கோள் கண்டது. பின்னர் பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததில் ஓர் எண் மிக அழகானது. பெரிய அலைகளும் சிறிய அலைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்த எண் சரியாக 1. பெருவீக்கத்தின்போது எல்லாம் மெல்ல மாறிக்கொண்டிருந்ததால் 1-ஐ விடச் சற்று விலகியிருக்க வேண்டும். பிளாங்க் கண்டது 0.965.

இதுவரை: புலம் இருந்தது, இடம் வேகமாக விரிந்தது, நிச்சயமின்மையால் வந்த சிதறல் நீண்டு உறைந்தது, அதுவே விண்மீன் மண்டலங்களுக்கு விதை. இந்தக் கணக்கு முழுவதிலும் ஓர் அலை இன்னோர் அலையைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குவாண்டம் திருத்தம் என்று எதுவும் இன்னும் வரவில்லை.

## திருத்தம் எங்கிருந்து வருகிறது

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலை நேரப் பேச்சு முடிந்தபின் பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டார்: "வெற்றிடத்துல ஒண்ணுமே இல்லன்னா, அங்க எது எதை மாத்துது சார்?" இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. விடை: புலம் தன்னைத்தானே மாற்றுகிறது.

ஒரு புலத்தின் இரு அலைகள் சந்தித்து, எந்த மாற்றமும் இல்லாமல் ஒன்றையொன்று கடந்து போனால் அது தனிப் புலம். ஓர் அலை மற்றதன் போக்கை மாற்றினால் அந்தப் புலத்துக்குத் தன் இடைவினை உண்டு என்கிறோம். எவ்வளவு வலுவாக மாற்றும் என்பதைச் சொல்லும் எண்ணை லாம்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். லாம்டா பூஜ்யம் என்றால் தனிப் புலம்.

கடலூர் துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். கரையில் ஏற்றி எடை போட்டால் ஓர் எடை காட்டும். அதே படகை மிதக்கவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். அந்த எடைக்கு உரிய சுறுசுறுப்போடு அது வராது. படகை நகர்த்த வேண்டுமானால் அதை ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்த்து நகர்த்தியாக வேண்டும். அந்தத் தண்ணீர் படகின் நிறையோடு கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. நீரில் முழுக்க மூழ்கிய உருண்டைக்கு இந்தக் கணக்கு துல்லியமாகவே தெரியும்: உருண்டை விலக்கிய நீரின் நிறையில் சரிபாதி அதன் நிறையோடு கூடும்.

தன் இடைவினை உள்ள புலத்தில் நடப்பதும் இதுவே. ஓர் அலை நகரும்போது, அதே புலத்தின் மற்ற ஏற்ற இறக்கங்கள் வழியாகத்தான் நகர வேண்டும். அவை அதைப் பிடித்து இழுக்கின்றன. அதனால் புலத்தின் நிறை மாறுகிறது, இடைவினையின் வலிமை மாறுகிறது, ஏற்ற இறக்கத்தின் உயரமும் கொஞ்சம் மாறுகிறது. "ஏற்ற இறக்கங்களே இல்லாவிட்டால்" என்று போடும் கணக்குக்கும், அவற்றைச் சேர்த்துப் போடும் கணக்குக்கும் உள்ள இந்த வித்தியாசமே குவாண்டம் திருத்தம். ஃபைன்மன் வழக்கப்படி இதைப் படமாக வரையும்போது புலத்தின் கோடு ஒன்று கிளம்பி, சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே சேரும். அதனால் வளையத் திருத்தம் என்றும் சொல்வதுண்டு.

படகுக்கும் புலத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. படகைக் கரையேற்றி அதன் சொந்த நிறையைத் தனியே பார்க்கலாம். புலத்தைக் கரையேற்ற இடமே கிடையாது. நாம் அளக்கும் நிறை எப்போதுமே திருத்தம் சேர்ந்த நிறைதான். இது தெரியாமல் 1930-களில் பெரிய ஆய்வாளர்களே திணறினார்கள். அலைநீளம் குறையக் குறைய எல்லா அலைகளின் பங்கையும் கூட்டிக்கொண்டே போனால் விடை முடிவிலி என்று வந்தது. டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவரும் 1940-களின் இறுதியில் வழி கண்டார்கள். அளக்கவே முடியாத சொந்த நிறையைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, ஆய்வகத்தில் அளந்த நிறையை வைத்து எல்லாவற்றையும் எழுதினால் முடிவிலிகள் விலகிவிடும். இதற்கு மறுசீராக்கம் என்று பெயர்.

இது வெறும் கணித வித்தை அல்ல. 1947-ல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜன் அணுவை அளந்தபோது, ஒரே ஆற்றலில் இருக்க வேண்டிய இரண்டு நிலைகள் சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் அளவுக்குப் பிரிந்திருந்தன. மின்காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கம் எலக்ட்ரானைத் தொடுவதால் வரும் திருத்தம் அது. கணக்கும் அளவீடும் பொருந்தின.

## சிற்றலையும் ஓதமும்

அணுவுக்குள் நடப்பது சரி. விரியும் பிரபஞ்சத்தில் புதிதாக என்ன?

ஹபிள் தொடுவானத்தைவிட மிகச் சிறிய அலைகளைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் இல்லை. அவ்வளவு குறுகிய தூரத்தில் விரிவு உறைக்கவே உறைக்காது. அங்கே வரும் முடிவிலிகளை ஆய்வகத்தில் செய்த அதே மறுசீராக்கத்தால் நீக்கலாம். புதுமை முழுவதும் நீண்ட அலைகளில்தான் இருக்கிறது.

அதே படகுக்கே போவோம். சிற்றலைகள் பக்கவாட்டில் தட்டிப் படகை ஆட்டும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது அப்படி இல்லை. படகில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டமே தெரியாது; கரையில் படிகள் மூழ்கியிருப்பதைப் பார்த்தால்தான் நீர் ஏறியது புரியும். ஓதமும் அலைதான். ஆனால் படகைவிடப் பல லட்சம் மடங்கு நீளமானது என்பதால், படகுக்கு அது வெறும் நீர்மட்டமாகத் தெரிகிறது. இப்போது கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். நீர் கொஞ்சம் ஏறும்வரை கயிறு தொய்வாகவே இருக்கும். ஏற ஏற இறுகும். ஒரு கட்டத்துக்கு மேல் படகைக் கீழே பிடித்து இழுக்க ஆரம்பிக்கும்.

பெருவீக்கத்தில் ஒவ்வொரு சிற்றலையும் நீண்டு நீண்டு ஓதமாகிவிடுகிறது. உறைந்த ஒவ்வோர் அலையும், தொடுவானத்துக்குள் இருக்கும் பகுதியில் புலத்தின் பொது மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தும் அல்லது தாழ்த்தும். அடுத்த இ-மடங்கில் இன்னோர் அலை, அதற்கடுத்து இன்னொன்று. தன் இடைவினைதான் கயிறு. புலத்தின் மட்டம் பூஜ்யத்துக்கு அருகே இருக்கும்வரை அது தெரியாது. மட்டம் விலகிப்போகப் போக பூஜ்யத்தை நோக்கி இழுக்கும். வேறு வார்த்தையில், நிறையே இல்லாமல் ஆரம்பித்த புலம் தன் ஏற்ற இறக்கத்தாலேயே நிறை பெறுகிறது.

## எண்களைப் போட்டுப் பார்ப்போம்

கயிறு இல்லாத புலத்தை முதலில் பார்ப்போம். நிறையும் இல்லை, லாம்டாவும் பூஜ்யம். ஒவ்வோர் இ-மடங்குக்கும் ஓர் உந்தல். சில உந்தல் மேலே, சில கீழே, சமவாய்ப்பில். 60 உந்தல்களைக் கூட்டினால் 60 மடங்கு வராது, ஏனென்றால் பெரும்பாலானவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 60-ன் வர்க்கமூலமான சுமார் 7.7 மடங்குதான் வரும். இந்தச் சமவாய்ப்பு நடை நிற்கவே நிற்காது. பெருவீக்கம் நீடிக்கும் காலமெல்லாம் சிதறல் கூடிக்கொண்டே போகும்.

இப்போது லாம்டாவை 0.01 என்று வைப்போம். நூறில் ஒன்று, சிறிய எண். ஆய்வகக் கணக்காக இருந்தால் திருத்தமும் அதே மாதிரி சிறியதாக இருந்துவிட்டுப் போகும். இங்கே அப்படி நடக்கவில்லை. நிலை ஆற்றலைப் புலத்தின் நான்காம் படியாக எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரியில், சிதறலின் வர்க்கத்துக்கு வரும் முதல் திருத்தம், அசலோடு ஒப்பிட்டால், இ-மடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளர்கிறது. 10 இ-மடங்கில் அது அசலில் 2 சதவீதம்கூட இல்லை. 60 இ-மடங்கில் 60 சதவீதம். ஏறக்குறைய 77 இ-மடங்கில் திருத்தம் அசலுக்கே சமமாகிவிடுகிறது. அதற்குமேல் அந்தக் கணக்கு, வர்க்கமாக இருக்கவேண்டிய ஓர் அளவுக்கு எதிர்க்குறி எண்ணை விடையாகத் தருகிறது. வர்க்கம் எதிர்க்குறியாக இருக்கவே முடியாது என்பதால் வழி தவறிவிட்டது தெளிவு.

இந்த இடத்தில்தான் "பெருவீக்கக் கோட்பாடே உடைந்துவிட்டது" என்று தலைப்புப் போடுகிறார்கள். உடைந்தது கோட்பாடு அல்ல, திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் முறை. சின்னச் சின்னத் திருத்தங்கள் காலப்போக்கில் குவிந்து பெரிதாகும்போது, முதல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட முடியாது.

இதற்கு ஸ்டாரோபின்ஸ்கி 1986-ல் காட்டிய வழியை இந்தத் துறையின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். உறைந்த நீண்ட அலைகளின் கூட்டுத்தொகையைச் சாதாரண எண்ணாகவே நடத்திவிடுங்கள் என்றார். அந்த எண்ணின்மேல் இரண்டே இரண்டு வினைகள். புதிதாக உறையும் அலைகள் அதைச் சமவாய்ப்பில் உந்தும். தன் இடைவினை அதைத் திரும்ப இழுக்கும். உந்தலும் இழுப்பும் ஒரு கட்டத்தில் சமன் ஆகும். அவரும் யோகோயாமாவும் 1994-ல் இந்தச் சமநிலையை முழுமையாகக் கணக்கிட்டார்கள். நம் 0.01 எடுத்துக்காட்டில், சிதறல் ஹபிள் வீதத்தைப்போல் 1.15 மடங்கில் போய் நின்றுவிடுகிறது. 100 இ-மடங்கு ஆனாலும் 1,000 ஆனாலும் கிட்டத்தட்ட அதே விடைதான். எல்லையில்லாமல் வளர்வதாகத் தெரிந்த திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து சொன்ன சேதி, "இங்கே நில்" என்பதுதான்.

இதுவரை: சிற்றலைகளின் திருத்தம் மறுசீராக்கத்தில் அடங்கிவிடும். நீண்ட அலைகளின் திருத்தம் நேரத்தோடு குவியும். குவிந்தாலும், சரியாகக் கூட்டினால் ஒரு சமநிலையில் முடியும்.

## இன்ஃப்ளேட்டனுக்கு என்ன ஆகும்

மேலே நாம் பார்த்த புலம் பெருவீக்கத்தை நடத்திய புலம் அல்ல. பெருவீக்கம் நடந்தபோது கூடவே இருந்த வேறொரு புலம். அதைப் பார்வையாளர் புலம் என்பார்கள். இன்ஃப்ளேட்டனின் நிலைமை இரண்டு விதத்தில் வேறு. ஒன்று ஆபத்து, இன்னொன்று பாதுகாப்பு.

ஆபத்து, அந்த "மெதுவாக" என்ற நிபந்தனையில் இருக்கிறது. இன்ஃப்ளேட்டன் மெதுவாக மாற வேண்டுமானால் அதன் நிறை, ஹபிள் வீதத்தைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்கேலர் புலங்களின் நிறை திருத்தங்களுக்குச் சுலபமாக ஆட்படுவது. கனமான வேறு புலங்களும் ஈர்ப்பு விசையும் சேர்ந்து கொண்டுவரும் திருத்தம், தடுக்க ஆளில்லாவிட்டால், நிறையை ஹபிள் வீதத்தின் அளவுக்கே உயர்த்திவிடும். அப்படியானால் பெருவீக்கம் ஒன்றிரண்டு இ-மடங்கிலேயே முடிந்து போகும். 60 என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு ஈட்டா சிக்கல் என்று பெயர்.

இதைச் சமாளிக்கச் சொல்லப்படும் வழிகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது சமச்சீர். புலத்தின் மதிப்போடு ஒரு மாறிலியைக் கூட்டினாலும் இயற்பியல் விதிகள் மாறாது என்று வைத்துக்கொண்டால், நிறையை உண்டாக்கும் திருத்தம் எழவே முடியாது. அந்தச் சமச்சீர் லேசாகக் குலைந்திருந்தால் திருத்தமும் அந்தக் குலைவின் அளவைத் தாண்டாது. 1990-ல் ஃப்ரீஸ், ஃப்ரீமன், ஒலின்டோ மூவரும் இந்த அடிப்படையில் ஒரு மாதிரியை அமைத்தார்கள். அவர்களுடைய முதல் வடிவம் இன்றைய அளவீடுகளோடு சரியாகப் பொருந்தவில்லை; ஆனால் சமச்சீரை வைத்துக் காப்பது என்ற யோசனை நிலைத்துவிட்டது.

பாதுகாப்பு, ஓதத்திலிருந்தே வருகிறது. நீர்மட்டம் ஒட்டுமொத்தமாக ஏறியதைப் படகுக்குள் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது அல்லவா? பெருவீக்கத்தை ஒரே ஒரு புலம் நடத்தினால், அதன் நீண்ட அலை ஒவ்வொன்றும் உள்ளே இருப்பவருக்கு அளவுகோலைச் சற்று மாற்றியதாக மட்டுமே தெரியும். ஆகவே குட்டை அலைகள் என்னதான் செய்தாலும் உறைந்த நீண்ட அலையின் உயரத்தை மாற்ற முடியாது. வளையத் திருத்தங்களைப் பெருவீக்கத்துக்கு முறையாகக் கணக்கிடும் வேலையை ஸ்டீவன் வைன்பெர்க் 2005-ல் மீண்டும் சூடுபிடிக்க வைத்தார். அதைத் தொடர்ந்து 2012-ல் செனட்டோரே, சல்தாரியாகா ஒரு பக்கமும் அசாசி, பௌமன், கிரீன் இன்னொரு பக்கமும், எத்தனை வளையங்களைச் சேர்த்தாலும் இந்த மாறாத்தன்மை நிற்கும் என்று காட்டினார்கள்.

அதோடு விவாதம் ஓயவில்லை. பெருவீக்கத்தின் நடுவில் சிறிய அலைகள் திடீரென்று மிகப் பெரிதாக வளர்ந்து, பின்னாளில் ஆதிக் கருந்துளைகள் ஆகியிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அப்படி வளர்ந்தால் அவற்றின் வளையத் திருத்தம் பெரிய அலைகளைக் கெடுத்துவிடும், ஆகவே ஒற்றைப் புலப் பெருவீக்கத்தில் அது சாத்தியமில்லை என்று கிறிஸ்டியானோவும் யோகோயாமாவும் 2022-ல் வாதிட்டார்கள். சில வாரங்களிலேயே ரியோட்டோ மறுத்து எழுதினார். பிறகு ஏராளமான கட்டுரைகள் இரு தரப்பிலும் வந்தன. காணொளிகளில் "கருந்துளைக் கோட்பாடு காலி" என்று வந்த செய்தியின் பின்னணி இதுதான். வாதம், நான் மேலே சொன்ன பாதுகாப்பு அந்தத் திடீர் வளர்ச்சியின்போதும் செல்லுபடியாகுமா என்பதைப் பற்றியது.

## வானத்தில் தேடினால் கிடைக்குமா

ஒற்றைப் புலப் பெருவீக்கத்தின் எளிய மாதிரிகளில் வளையத் திருத்தம் மிக நுண்ணியது. ஈர்ப்பு விசையிலும் குவாண்டம் விளைவுகள் பெரிதாகும் ஆற்றலுக்குப் பிளாங்க் அளவு என்று பெயர்; ஹபிள் வீதத்தை அதோடு ஒப்பிட்டு வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் அளவுதான் அது. இன்றைய கட்டுப்பாடுகளின்படி நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. நேரடியாக அளக்க வழியில்லை.

ஆனால் திருத்தத்தை உண்டாக்கும் தன் இடைவினை இன்னொரு தடத்தையும் விட்டுச் செல்லும். தனிப் புலத்தின் ஏற்ற இறக்கங்கள், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வரும் இயல்நிலைப் பரவலை அப்படியே பின்பற்றும்: மேடுகள் எவ்வளவோ பள்ளங்களும் அவ்வளவே. அலைகள் ஒன்றையொன்று பாதித்தால் இந்தச் சமன் குலையும். குலைவு எவ்வளவு என்று சொல்லும் எண் ஒன்று உண்டு. தனிப் புலத்துக்கு அது பூஜ்யம். பிளாங்க் தரவுகள் அதற்குத் தந்த மதிப்பு மைனஸ் 0.9, கூடவே 5.1 அளவுக்கு நிச்சயமின்மை. அதாவது பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறது. இன்ஃப்ளேட்டனின் தன் இடைவினை வலுவாக இருந்திருக்க முடியாது என்பதற்கும், அதன் திருத்தங்கள் அடக்கமாகவே இருந்தன என்பதற்கும் இன்று நம் கையில் இருக்கும் நல்ல சான்றுகளில் இது ஒன்று.

2025 மார்ச்சில் நாசா ஏவிய ஸ்ஃபியரெக்ஸ் தொலைநோக்கி, சுமார் 45 கோடி விண்மீன் மண்டலங்களின் பரவலை வைத்து இதே எண்ணை மறுபடி அளக்கப்போகிறது. நிச்சயமின்மையை 5-லிருந்து 1 அளவுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஒற்றைப் புலப் பெருவீக்கம் கிட்டத்தட்ட பூஜ்யத்தைத்தான் முன்கூட்டிச் சொல்கிறது. அதிலிருந்து தெளிவாக விலகிய மதிப்பு வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் பெருவீக்கத்தில் பங்கெடுத்தன என்று ஆகும். அப்போது பார்வையாளர் புலத்துக்கு ஸ்டாரோபின்ஸ்கி போட்ட உந்தல், இழுப்புக் கணக்கை அளவீடுகளோடு நேரடியாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.